ஒரு வரியில் அடங்காதது

வெள்ளிமலை
9.8.1987

‘அரம்’ ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் தைலம்மாள். வெள்ளிமலைக்கு மேலே ஒரு மலை ஊரில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இத்துடன் ‘ஈரச் சாக்கு’ என்ற என் சிறுகதைத் தொகுப்பு ஒன்று அனுப்பியிருக்கிறேன். கடலூரில் ஒருவர் போட்டார். புத்தகம் போட்டதோடு எனக்குக் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார்.

உங்கள் பத்திரிகையைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் பார்த்து வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் ‘ஒரு வரி’ என்று போட்டு, வருகிற புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் விமர்சனம் எழுதுகிறீர்கள். ஒரு கவிதைத் தொகுப்புக்கு, ‘அட்டை கெட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். இன்னொரு நாவலுக்கு, ‘கதாநாயகன் இருபதாம் பக்கத்தில் செத்துப்போகிறான், நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை’ என்று. மலையேறுகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் கோழியோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாருக்கும் ஒரே வரி எழுதுகிறவருக்கு இரண்டாவது வரி எழுத வராதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

என் புத்தகத்தையும் திட்டலாம். படித்துவிட்டுத் திட்டவும்.

இப்படிக்கு,
தைலம்மாள்


கள்ளக்குறிச்சி
18.8.1987

தைலம்மாள் டீச்சருக்கு,

வணக்கம். புத்தகம் வந்தது. அட்டை கெட்டியாக இல்லை. ஆகவே உள்ளே ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

இரண்டாவது வரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்துப் பிழைக்கிறவன். அதில் மிஞ்சுகிற தாளில்தான் ‘அரம்’ வருகிறது. கடைசிப் பக்கத்துக்கு ஓர் அகலம் உண்டு. அதற்குள் அடங்காத வரியை ராசு, அதாவது அச்செழுத்துக் கோக்கிற என் கம்பாசிட்டர், வெட்டிவிடுவான். பெரும்பாலும் அவன் வெட்டுவது நல்லதற்குத்தான். தமிழ் எழுத்தாளர்களுக்கும் இப்படி ஆளுக்கு ஒரு ராசு இருந்தால் நூலகங்களில் உட்கார இடம் கிடைக்கும்.

பத்திரிகையின் பெயரே ஒரு தொல்லை. ‘அறம்’ என்று போட வேண்டியதை எழுத்துப் பிழையாகப் போட்டுவிட்டேன் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். ஒரு தமிழாசிரியர் நேரிலேயே வந்து, பெரிய ற போடுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். இது இரும்பைத் தேய்க்கிற அரம் என்று சொன்னால் அவருக்கு வருத்தமாயிருக்கும் என்று சொல்லவில்லை.

முன்பெல்லாம் இங்கே எழுத்தாளர்கள் வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தேன். ஆளுக்கு ஒரு வரி எழுத எழுத ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நாற்காலியைப் பக்கத்து டீக்கடைக்குக் கொடுத்துவிட்டேன். என் அண்ணனுடைய மாமனார் முருகன் மேல் நூறு பாட்டு எழுதினார். ‘முருகன் பொறுமைசாலி’ என்று ஒரு வரி போட்டேன். அதிலிருந்து அண்ணன் வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடையாது. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அச்சகத்திலேயே படுத்துக்கொள்கிறேன். இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கடிதம் எழுத ஆள் கிடைத்தால் இப்படித்தான் ஆகிவிடுகிறது.

உங்கள் புத்தகத்தை இன்றைக்கு எடுக்கிறேன்.

செல்லமுத்து


வெள்ளிமலை
30.8.1987

செல்லமுத்து சாருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இங்கே படிக்க வேறொன்றும் வருவதில்லை என்பதும் ஒரு காரணம்.

போன வாரம் ஒரு கவிஞர் ஜீப்பில் வந்தார். மலையைப் பார்த்ததும் அழுதார். கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு, இங்கே காலம் நின்றுவிட்டது என்றார். ஜீப் கிளம்பிப் போனதும் ஒருத்தி என்னிடம், “இன்னாத்துக்கு டீச்சர் அந்தாளு அழுதாரு, வூட்ல யாருனா செத்துட்டாங்களா?” என்று கேட்டாள். கவிதைதான் காரணம் என்று சொன்னேன். பாவம் என்றாள். இந்த மாதம் எங்காவது ஒரு பத்திரிகையில் எங்கள் மலை கண்ணீரோடு வரும். உங்களுக்கு வந்தால் ஒரு வரி போடுங்கள்.

மழை ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்துவிட்டால் எனக்குப் பேச ஆள் இல்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் வெள்ளிக்கிழமை கீழே இறங்கினால் திங்கட்கிழமைதான். நான் போவதில்லை. நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி வந்திருக்கிறது. நன்றாயிருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை, கேட்கவும் யாரும் இல்லை. சிறுகதைகளுக்கு உங்கள் வரி எப்படி வருகிறதோ பார்த்துவிட்டு மீதியை எழுதலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் தலையில் பாரம் ஏற்றுவதாக நினைக்காதீர்கள். யாராவது ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்வீர்கள் என்று தோன்றுகிறது.

தைலம்மாள்


வெள்ளிமலை
3.10.1987

‘அரம்’ ஆசிரியர் அவர்களுக்கு,

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலால் பஸ் மலை ஏறவில்லை. இந்த வாரம்தான் தேங்கிப் போயிருந்த தபால் எல்லாம் வந்தது. அதில் உங்கள் செப்டம்பர் இதழும் இருந்தது. கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தேன்.

‘ஈரச் சாக்கு: இதை எழுதியவர் இனி எழுதக் கூடாது.’

உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டவள் நான்தான். ஆகவே சண்டை போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் ரிஷிவந்தியம் பக்கம். ஊர் என்றால் ஊர் இல்லை, ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. அம்மா இன்னமும் கூலிக்குத்தான் போகிறாள். எங்கள் தெருவில் பேர் போட்ட புத்தகம் வந்தது எனக்குத்தான். நான் படித்ததும் இந்த வேலைக்கு வந்ததும் இட ஒதுக்கீட்டில்தான். அதனால் அதைக் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஆனால் அந்த ஒரு வாரமும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாளாம். யாரும் ஒன்றும் செய்யவில்லை, இருந்தாலும் பயம். அவளைக் கூலி வேலைக்குக் கூப்பிடுகிற வீடுகளில் எல்லாம் ஆண்கள் ரோட்டை மறிக்க மரம் வெட்டப் போயிருந்தார்கள்.

அங்கே உட்காரக் கூடாது, இங்கே செருப்புப் போடக் கூடாது, அந்தக் கிணற்றில் இறங்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எங்களில் ஒருத்தி எழுதுவாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அந்தக் குறையையும் நீங்கள் தீர்த்து வைத்துவிட்டீர்கள், அச்சில்.

நாவலை டிரங்குப் பெட்டியில் அடியில் வைத்து, மேலே கம்பளியைப் போட்டுவிட்டேன். மலையில் குளிர் ஜாஸ்தி, கம்பளியாவது அடிக்கடி வெளியே வரும்.

தைலம்மாள்


கள்ளக்குறிச்சி
9.10.1987

அன்புள்ள தைலம்மாள் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் எழுதிய வரி அது இல்லை. நான் எழுதியது:

‘இதை எழுதியவர் இனி எழுதாமல் இருக்கக் கூடாது.’

கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள். ‘அரம்’ தொடங்கியதிலிருந்து நான் பாராட்டி எழுதிய ஒரே வரி இதுதான். அது இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த வேலையைச் செய்தது ராசு. அவனைக் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. களமருதூர்க்காரன், மறியலுக்குப் போனவன், பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை. அவன் இல்லாமல் பத்திரிகை வேலை எல்லாம் நின்று கிடக்கிறது.

நான் யார் என்றும் இந்நேரம் நீங்கள் ஊகித்திருப்பீர்கள். மரம் வெட்டப் போன வீடுகளில் என் அண்ணன் வீடும் ஒன்று. நான் போகவில்லை. அது கொள்கையால் அல்ல, என்னை யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த இதழில் திருத்தம் போடுகிறேன். நாவலைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

செல்லமுத்து


வெள்ளிமலை
24.10.1987

ஆசிரியர் அவர்களுக்கு,

கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன். உங்கள் எழுத்துதான், நம்புகிறேன்.

ஆனால் உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், விலைக்குக் கீழே, பொடி எழுத்தில் ‘ப்ரூஃப்: ஆசிரியர்’ என்று இருக்கிறது. ஒவ்வொரு இதழிலும் இருக்கிறது. ராசு ஜெயிலில் இருக்கிறார், சரி. பிழை பார்க்க வேண்டிய அந்த ஆசிரியர் எங்கே இருந்தார்?

இலக்கிய உலகத்தில் பிழை என்றால் எப்போதும் கம்பாசிட்டர்தான் செய்கிறார். நல்லதாக ஏதாவது வந்துவிட்டால் மட்டும் அது எழுத்தாளர் எழுதியது. இதற்கு நீங்கள் ஒரு வரி எழுதலாம்.

தைலம்மாள்


கள்ளக்குறிச்சி
11.11.1987

தைலம்மாள் டீச்சருக்கு,

போன கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்தேன், எல்லாம் ஒரு வரியில் முடிந்துவிட்டது, அனுப்பவில்லை.

தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. யாரோ ஒரு சின்னப் பெண் கொண்டுவந்து, வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். முறுக்கை ஒரு பொட்டலமாகக் கட்டியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பொட்டலம் கட்டிய தாள் ‘அரம்’, கடைசிப் பக்கம். இந்த ஊரில் என் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது, எண்ணெயாவது படித்திருக்கிறது. உங்கள் வரி இருந்த இதழ்தான் அது. எண்ணெய் ஊறி, அந்த வரி நன்றாகத் தெரிந்தது.

மழை விடவில்லை. ராசு இன்னும் வரவில்லை.

செல்லமுத்து


கள்ளக்குறிச்சி
6.12.1987

தைலம்மாள் டீச்சருக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ராசு வந்துவிட்டான். இளைத்திருக்கிறான், இருமுகிறான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நீ செய்த வேலையைப் பார் என்று இதழை எடுத்து முன்னால் போட்டேன். படித்துப் பார்த்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சார், நானா பண்ணேன்? கோத்துக்கினு இருக்கறப்பவே சொன்னேன், ஒரு வரில அடங்கல, ரெண்டு வரியா உடட்டான்னு. நீங்க தலைய தூக்காமயே, ஒரு வரிதான், வெட்டுன்னீங்க. எத வெட்டறதுன்னு கேட்டேன். உனக்குத் தெரியாதான்னீங்க. ஒங்க வரி எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். அதமாரி வெட்டிட்டேன்.”

பிறகு ப்ரூஃப் என் மேஜைக்கு வந்தது. நான் பார்த்தேன். அந்த வரியில் ‘எழுதக் கூடாது’ என்பதற்கு நடுவே க் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. டிக் போட்டேன். வேறு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அது என் வரி மாதிரியே இருந்தது, டீச்சர். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. டிசம்பர் இதழில் திருத்தம் போட்டிருக்கிறேன். இத்துடன் ஒரு பிரதி: ‘“எழுதக் கூடாது” என்பதை “எழுதாமல் இருக்கக் கூடாது” என்று திருத்திப் படிக்கவும்.’

சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் இங்கே ஒரு சத்தமும் இருப்பதில்லை. முன்பு அது எனக்குப் பிடிக்கும். இப்போது தபால்காரர் வந்து போய்விட்டாரா என்று ராசுவிடம் இரண்டு தடவை கேட்கிறேன். அவன் எழுத்தை அச்சுப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

செல்லமுத்து


வெள்ளிமலை
20.12.1987

செல்லமுத்து சாருக்கு,

மூன்று கடிதத்தில் இதில்தான் நீங்கள் பேசியிருக்கிறீர்கள். அதனால் பதில் எழுதுகிறேன்.

திருத்தத்தைப் பார்த்தேன். ஒன்று கேட்கட்டுமா? நீங்கள் திருத்திய வரியிலும் ‘கூடாது’ இருக்கிறதே, கவனித்தீர்களா? பாராட்டும்போதுகூட எனக்கு ஒரு கூடாது போட வேண்டியிருக்கிறது. இன்னொரு மறுப்பை அதன் தலையில் ஏற்றி இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டீர்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று என் மேல் விழும் என்று யோசிக்கவில்லை. வெட்டியது ராசு அல்ல, நீங்களும் அல்ல, அந்த வரியே வெட்டுப்படக் காத்திருந்தது.

உங்கள் தெருவிலிருந்து எங்கள் தெருவுக்கு அந்தச் சொல் வேண்டிய அளவு வந்துவிட்டது. இனிமேல் எனக்கு அது நல்லதுக்கும் வேண்டாம்.

கூடாது போடாமல், இல்லை போடாமல், அந்தப் புத்தகத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியதோ அதை எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், பரவாயில்லை. இங்கே சாமை அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் பாதிப் பேர் அறுப்புக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாவல் பெட்டியில்தான் இருக்கிறது. கம்பளியை மட்டும் எடுத்துப் போர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தைலம்மாள்


கள்ளக்குறிச்சி
15.1.1988

அன்புள்ள தைலம்மாள் டீச்சருக்கு,

இன்று பொங்கல். ராசு ஊருக்குப் போயிருக்கிறான். தெருவில் எல்லா வீட்டிலும் பொங்கலோ பொங்கல் என்கிற சத்தம் கேட்கிறது. நான் அச்சகத்தைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருக்கிற கவிஞர்களை எல்லாம் நிற்க வைத்துத் திட்டியவனுக்கு, நன்றாயிருக்கிறது என்று சொல்ல இவ்வளவு நாள் ஆயிற்று. ‘இதற்கு நிகர் இல்லை’ என்று எழுதினேன், இல்லை வந்துவிட்டது. ‘சாதாரணமானதல்ல’ என்று எழுதினேன், அல்ல வந்துவிட்டது. ‘இவர் எழுதட்டும்’ என்று எழுதினேன். அது சரியாக இருக்கிறதே என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். பிறகு, அனுமதி கொடுக்க நான் யார் என்று தோன்றியது. அதையும் அடித்தேன்.

பிறகு, உங்கள் புத்தகத்தைப் படித்தபோது என்ன நடந்ததோ அதை யோசித்தேன். தலைப்புக் கதையில் அந்த அம்மாள் கூலி மல்லாட்டை வாங்கச் சாக்கை நீட்டுகிறாள். சாக்கு நனைந்திருக்கிறது, கடலை ஊறி எடை கூடிவிடும் என்று சொல்லிப் பண்ணைக்காரர் ஒரு கை அள்ளிக்கொள்கிறார். அவள் மல்லாட்டையைத் தரையில் கொட்டி, சாக்கை அவர் எதிரிலேயே பிழிகிறாள். இரண்டு சொட்டு விழுகிறது. மறுபடி சாக்கை நீட்டுகிறாள். டீச்சர், அந்தப் பண்ணைக்காரர் துண்டை உதறித் தோளில் போடுகிறாரே, எங்கள் அப்பா அப்படித்தான் போடுவார். அது எங்கள் களம். அப்பா அள்ளியபோது நான் பக்கத்தில் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் யோசித்தது உங்கள் பக்கத்தைப் படித்த பிறகுதான்.

இதை ஜனவரி இதழுக்குக் கொடுத்தேன். ராசு ஊருக்குப் போகும் முன்பு கோத்துவிட்டு வந்து கேட்டான். “சார், ரெண்டு வரி ஆவுது. வெட்டட்டா?” வேண்டாம் ராசு என்று சொன்னேன்.

அச்சடித்த பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்:

‘ஈரச் சாக்கு: சாக்கைப் பிழிகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.
தைலம்மாளின் அடுத்த புத்தகத்தைப் படிக்க காத்திருக்கிறேன்.’

செல்லமுத்து


வெள்ளிமலை
24.1.1988

செல்லமுத்து சாருக்கு,

இரண்டு வரியும் வந்து சேர்ந்தன. முதல் வரியைப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று படித்தேன். இரண்டாவதை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். ஜீப்பில் வந்த அந்தக் கவிஞரை இனிமேல் கேலி செய்ய முடியாது.

டிரங்குப் பெட்டியை இழுத்தேன். தாளெல்லாம் ஈரம் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையில் பரப்பிக் காய வைத்து எடுத்தேன். நேற்றிலிருந்து மீதியை எழுதுகிறேன். நீங்கள் சொன்னதனால் மட்டும் இல்லை. களத்துக் கதையில் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதாமல் எப்படி இருப்பது? நாவலில் அவன் வருகிறான். அவனுக்கு நான் ஒன்றும் சலுகை காட்டப் போவதில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் இரண்டாவது வரியில் ‘படிக்கக்’ என்று இருக்க வேண்டும், க் விட்டுப்போயிருக்கிறது. ப்ரூஃப் நீங்கள்தான் பார்த்தீர்கள் என்று தெரிகிறது.

ஆகவே நாவலை நீங்களே அச்சடியுங்கள், ஆனால் ப்ரூஃப் நான் பார்ப்பேன். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் காலை பஸ்ஸில் இறங்குகிறேன். டீக்கடைக்குக் கொடுத்த நாற்காலியைத் திரும்ப வாங்கிப் போட்டு வையுங்கள். எங்கள் அம்மா உங்கள் களத்தில் நின்றுகொண்டே இருந்தாள். நான் உட்கார்ந்துதான் பார்ப்பேன்.

தைலம்மாள்